தீபாவளி கழிந்த மாதமும் பால்வாடிக்குப் போனவள்

அக்கா இல்லாத எனக்கு அக்காவாக வந்த மதினி,

அன்றைக்கு நான் "சரி" என்று சொல்லவில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் முறை வர நேரம் இருந்தது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். பட்டாசுக் கம்பெனியில் பக்கத்தில் இருப்பவளிடம் பெட்டியை நகர்த்தச் சொல்கிற குரலில், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உன் மகளைப் பற்றிச் சொன்னாய்.

"தர்சுவ வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேத்துரு. பால்வாடில உக்கார வச்சுராத. கேட்டுச்சா?"

"மொதல்ல இட்லியத் தின்னு, ஆறுது," என்றேன்.

கேட்டது. ஆனால் சரி என்று சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் சொன்னதாக இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் நீ இருக்க மாட்டாய் என்பதற்கும் சேர்த்துச் சம்மதம் சொன்னதாகிவிடும். அதனால் இட்லியைப் பற்றிப் பேசினேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. அரை இட்லி தின்றாய். தண்ணீர் கேட்டாய். பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். உனக்கு அவ்வளவுதான் அனுமதி.

நீ போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. நான் பிரஸ்ஸில் இன்னும் அதே கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் யாருக்காவது நினைவஞ்சலி நோட்டீஸ் டிசைன் பண்ணுகிறேன். போட்டோவைச் சுற்றிப் பூ, கீழே இரண்டு வரி, அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர். கை தானாக ஓடும். உனக்கு மட்டும் ஒன்று செய்ய வரவில்லை. அண்ணன் கேட்டும் செய்யவில்லை. உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு சேதி. அது இரண்டு வரியில் அடங்காது.

வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். இருந்தும் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மே மாதம் பிறந்தாலே நம்ம பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தானே, பிள்ளையை எங்கே விடுவது என்று.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விஸ்வநத்தத்தில் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது போன பால்வாடியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வாய். "காலைல உக்கார வப்பாக, மத்தியானம் படுக்க வப்பாக, சாயங்காலம் எழுப்பி விடுவாக." அங்கே உன்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பிறகு உன்னோடு கம்பெனி வேனிலும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் உனக்கு ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. பெரியவளானதும் கம்பெனி வேனில் ஏறக்கூடாது என்றால், சின்னதிலேயே பள்ளிக்கூட வேனில் ஏறிவிட வேண்டும். நான் எத்தனையோ படித்திருக்கிறேன் மதினி, சின்னப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் படித்திருக்கிறேன். உன் கணக்கைத் தப்பு என்று சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அதனால் நீ சொன்னபடிதான் முதலில் செய்தோம். அந்த ஜூனில் அண்ணனும் நானும் தர்சுவுக்கு இரட்டைச் சடை போட்டு, திருத்தங்கல் பக்கம் இருக்கிற அந்த நர்சரிப் பள்ளிக்குக் கூட்டிப்போனோம். எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்றதும் ஒரு மேடம் உட்கார வைத்துப் பிள்ளையிடம் பட அட்டைகளைக் காட்டினார்.

மான் படம். "பாப்பா, இது என்ன?"

"கம்பி மத்தாப்பு."

மேடம் எங்களைப் பார்த்தார். அடுத்து வாத்து.

"சாட்டை."

"இது? இது தெரியும்ல, முயல்?"

"இல்ல, சங்குசக்கரம்," என்றாள் தர்சு. மேடத்துக்கே தெரியவில்லையே என்கிற வருத்தம் அவள் குரலில்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பிரஸ்ஸில் கழித்த, மானும் வாத்தும் முயலும் போட்ட பட்டாசு லேபிள் ஷீட்டுகளை நான்தானே வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீதானே அவற்றைச் சுவரில் ஒட்டி, சோறு ஊட்டும்போது ஒவ்வொன்றாகக் காட்டுவாய். மான் என்றோ முயல் என்றோ ஒருநாளும் நீ சொன்னதில்லை. "இது அம்மா கட்டுற மத்தாப்பு, இது அம்மா அடுக்குற சாட்டை" என்பாய். பிள்ளை அதைத்தான் படித்திருக்கிறது.

அண்ணன் விளக்கிச் சொன்னதும் மேடமும் சிரித்துவிட்டார். "சிவகாசிப் பிள்ளைதான், சந்தேகமே இல்ல," என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷி. அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு ஜோதியின் மகன் அங்கேதான் படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான்.

தர்சுதான் அங்கே வாயைத் திறக்கவில்லை. வேன் காலையில் ஏழு மணி தாண்டியதும் வரும். ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். சாயங்காலம் இறங்கும்போது கொண்டுபோன தண்ணீர் அப்படியே இருக்கும். டிபன் பாக்ஸ் மட்டும் காலியாக வரும். "ஏன்டி தண்ணி குடிக்கல?" என்றால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவாள். பல நாள் வாசலிலேயே நனைத்துவிடுவாள். புது இடம், கூச்சம், நாலு நாளில் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஆடி பிறந்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. ஒன்றுக்குப் போகும்போது வீறிட்டு அழுதாள். டாக்டரிடம் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி என்று அவர் சொன்ன நிமிஷத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன் மதினி. அந்த முகத்தை நீ பார்க்காமல் போனதே நல்லது.

டாக்டருக்கு உன் கதையைச் சொன்னேன். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்கேன் முடிந்து கதவு திறக்கிற வரைக்கும் நானும் அண்ணனும் சுவரில் இருந்த போர்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம். எதைப் பேசினாலும் உன் பெயரில்தானே போய் முட்டும்?

"கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "பிள்ளை தண்ணியே குடிக்கறதில்ல. வர்ற ஒன்னுக்கையும் நாள் பூரா அடக்கி வைக்குது. அதான். இப்ப மாத்திரைல சரியாயிரும். ஆனா இதையே பழக்கமா விட்டா நல்லதில்ல. உங்க வீட்டு வரலாறும் இப்படி இருக்கு, கவனமா இருந்துக்கோங்க."

அண்ணன் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதான். உன் காரியத்தன்றுகூட அவன் அப்படி அழவில்லை. தர்சு அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

பிறகு நான் மேடத்திடம் போய்ப் பேசினேன். அவரும் அக்கறையோடுதான் கேட்டார். ஆயாவிடம் சொல்லி அடிக்கடி கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றார். ஆனால் ஒரு ஆயா, அத்தனை பிள்ளைகள். கூட்டிப்போய் நிறுத்தினாலும் தர்சு போக மாட்டேன் என்று நிற்கிறாளாம். தண்ணீரை வாயில் வைத்தால் துப்புகிறாளாம். அந்த அம்மாளை நான் என்ன சொல்ல முடியும்?

வேலைக்கு லீவு போட்டு, சுற்றியிருந்த பள்ளிகள் எல்லாவற்றையும் போய்ப் பார்த்தேன். அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே எல்.கே.ஜி. நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அழகான அறை, சுவரெல்லாம் படம். ஆனால் டீச்சர் மாறுதலாகிப் போய் இன்னும் ஆள் வரவில்லை, மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் நடுநடுவே எட்டிப் பார்க்கிறார். பஸ் ரோட்டைத் தாண்டி இன்னொரு நர்சரி, மாடியில். படி செங்குத்தாக இருந்தது. பாதி ஏறியதுமே திரும்பிவிட்டேன்.

மிச்சம் இருந்தது நம்ம தெருப் பால்வாடி. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். டீச்சருக்கு இன்னொரு சென்டரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், வாரத்தில் சில நாள் அங்கே போய்விடுவார். இருக்கிற நாளிலும் பாதி நேரம் மேலாபீசுக்குக் கணக்குக் காட்டப் போனில் போட்டோ ஏற்றிக்கொண்டிருப்பார், எடை போட்டதுக்கு ஒன்று, முட்டை கொடுத்ததுக்கு ஒன்று. சமையலுக்கு இருக்கிற பேச்சியக்காதான் பல நாள் எல்லாம். அவருக்குக் குரல் மட்டும் மில் சங்கு மாதிரி.

ஆனால் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சுத்தமாக இருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். சீசன் நேரத்தில் கம்பெனி வேன் விடியவே வந்துவிடும் என்பதால், பேச்சியக்கா மணி பார்க்காமல் கதவைத் திறந்துவிடுகிறார். வேன் ஏறப் போகிற தாய்மார்கள் போகிற போக்கில் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். "ஏத்தா, இவன் காலைல ஒன்னும் திங்கல," "அக்கா, இவளுக்கு இருமல், பாத்துக்க." டீச்சர் வருகிறவரை நடப்பதெல்லாம் அந்த வாசலில் நடக்கிற இந்தப் பேச்சுத்தான்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். பிறகு, "அவ வேண்டாம்னுதானே சொன்னா?" என்றான்.

"ஆமா. பிள்ளைக்கு இப்படி வரும்னு அவளுக்குத் தெரியாதுல்ல."

"நீ முடிவு பண்ணிட்ட."

"நீ வேணாம்னு சொல்லு, வேன்லயே விட்டுருவோம்."

அவன் சொல்லவில்லை. ஆவணியில் தர்சு பால்வாடிக்குப் போனாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அங்கேயும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் பால்வாடி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பேச்சியக்கா மத்தியானம் என் போனுக்கு அடித்து, "மூஞ்சி சுருங்குது தாயி, வந்து கூட்டிட்டுப் போயிட்டு வந்து விடு," என்பார். பிரஸ்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போய், மறுபடி கொண்டுவந்து விடுவேன். இப்படியே ஓடியது. காய்ச்சல் இன்னொரு முறை வந்து போனது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாத்தூரிலிருந்து உன் தம்பி முருகேசன் வந்தான். தாய்மாமன் எடுத்த பட்டுப்பாவாடை, ஒரு பை நிறையத் தின்பண்டம். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. தர்சு வாயைத் திறந்து, "மாமா, நான் பால்வாடில முட்டை தின்னேன்," என்றாள்.

முருகேசன் என் பக்கம் திரும்பினான். "என்னது?"

"நம்ம தெருவுலதான் விட்டிருக்கோம்," என்றேன்.

"எங்க அக்கா செத்தும் உங்களுக்குப் பொறுக்கலையா? அவ என்ன கேட்டா? நகையா கேட்டா? வேன் வர்ற பள்ளிக்கூடம். அம்புட்டுத்தான கேட்டா?"

"ஏலே, பிள்ளை முன்னால சத்தம் போடாத," என்றான் அண்ணன்.

"நீங்க பேசாதீக மச்சான். தங்கச்சி சொன்னா தலையாட்டுவீக. இவுக பட்டணத்துப் புத்தகமெல்லாம் படிப்பாக, டிகிரி முடிப்பாக. எங்க அக்கா மகளுக்கு மட்டும் சத்துமாவு உருண்டை! நாத்தனா புத்தி எங்க போகும்?"

காய்ச்சலைப் பற்றி அவனிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. உன்னை இழந்தவனிடம் மறுபடி கிட்னி என்கிற சொல்லை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டோம். அப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. நீயும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னான். கோபத்தில் மனிதர்கள் தெரிந்ததைத்தானே மறப்பார்கள். அண்ணன் அவனை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னான். முருகேசன் திரும்பி வந்து சாப்பிட்டான், என்னிடம் பேசாமலே ஊருக்குப் போனான்.

அதற்கு அப்புறம்தான் நான் பயந்த மாதம் வந்தது.

உனக்குத் தெரியாததா? தீபாவளி முடிந்தால் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிறவரை தாய்மார்கள் எல்லோரும் வீட்டில். வருஷம் பூராவும் பிள்ளை முகத்தைப் பார்க்காதவர்கள், அந்த மாதம் பிள்ளையை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், சும்மா மடியில் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். பால்வாடியில் ஈ காக்கா இருக்காது. ஆனால் பிரஸ்ஸுக்கு அதுதான் காலண்டர் சீசன். எனக்கு மூச்சுவிட நேரமில்லை, அண்ணனின் லோடு ஆட்டோ நிற்பதே இல்லை.

தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு திரிகிற மாதம். தர்சு மட்டும் பால்வாடிக்குப் போக வேண்டும். முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விட்டபோது காலியாகக் கிடந்த பாயைப் பார்த்தாள். "எல்லாரும் எங்க?" என்றாள். "அவுக அம்மா வீட்ல இருக்காகள்ல," என்று பேச்சியக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். நின்றிருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். முருகேசன் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குச் சுட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் கூப்பிடப் போனேன். பேச்சியக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, ஒன்னு கேக்கணும். உன் மருமக எதுக்கு என் கால என்னமோ சோதன பண்றா?"

"காலையா?"

"ஆமாங்கேன்! செம்புல தண்ணி மோந்து கொண்டாந்து குடுக்குறா. குடி குடிங்கா. குடிச்சு முடிச்சதும் குத்துக்கால் வச்சு உக்காந்து என் கால அமுக்கி அமுக்கிப் பாக்குறா. ஒரு நாளு இல்ல, தெனமும். டீச்சரையும் விடல. குடிக்க வச்சு, செருப்பக் கழட்டச் சொல்லி அவுக கால்லயும் அமுக்கிப் பாத்தாச்சு. எங்களுக்கும் வேற சோலி இல்ல, காமிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

எதற்கு என்று எனக்கு அந்த வாசலிலேயே புரிந்துவிட்டது.

மதினி, உனக்கு நினைவிருக்கும். நீ தாகம் என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் சொல்வோம், "தண்ணி குடிக்காத, கால் வீங்கிரும்." உன் கணுக்காலை அமுக்குவோம். விரல் பட்ட இடம் குழியாகவே நிற்கும். பக்கத்தில் தர்சு சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் குடித்தால் கால் வீங்கும், கால் வீங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாட்டார்கள். இதை ஒருவர்கூட அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று வயசு முடியாத பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டது. தண்ணீர் குடிக்காததால் ஒன்றுக்குப் போனால் எரிந்திருக்கும், அந்தப் பயத்தில்தான் அதையும் அடக்கியிருக்கிறாள்.

அந்த மேடத்தின் பள்ளி இதற்கு என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்க முடியாது. வீட்டில் இருக்கிற எங்களுக்கே தெரியவில்லையே.

பேச்சியக்காவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி அந்தச் சங்குக் குரலில் கூப்பிட்டார். "ஏய் டாக்டரம்மா, இங்கன வா. தண்ணி கொண்டா."

தர்சு ஓடிவந்தாள். அவர் ஒரு செம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தார். தர்சு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கணுக்காலை அமுக்கினாள். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"வீங்கிருச்சா?"

"இல்ல."

"நல்லாப் பாரு. ஏமாத்திப்புடப் போறேன்."

"வீங்கல," என்றாள். சிரித்தாள். என் பக்கம் செம்பை நீட்டினாள். நானும் குடித்துவிட்டுக் காலைக் காட்டினேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அந்த மாதம் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. ஆளில்லாத சென்டர், காலைக் காட்டிக்கொண்டு உட்கார நேரம் உள்ள இரண்டு பெரியவர்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் விடவில்லை. மேலாபீசிலிருந்து சென்டரைப் பார்வையிட ஒரு மேடம் வந்தார்களாம். ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேரா? பேசாம இந்த சென்டர மூடிறலாமே," என்று கோபப்பட்டிருக்கிறார்கள். "இது கம்பெனி லீவு மேடம், சீசன்ல வந்து பாருங்க, உக்கார இடம் இருக்காது," என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தர்சு செம்போடு வந்து நின்றுவிட்டாள். அந்த மேடமும் குடித்தார்கள். ஷூவைக் கழற்றத்தான் கொஞ்சம் நேரமானதாம். பேச்சியக்கா இதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ரிப்போர்ட்டில் வருகை குறைவு என்றுதான் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்ததும் அதைத்தானே.

கம்பெனிகள் பூஜை போட்டுத் திறக்கிற சமயம். ஒருநாள் நான் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே உள்ளிருந்து தர்சுவின் குரல் தெருவுக்குக் கேட்டது. "பேச்சியக்கா! எனக்கு ஒன்னுக்கு வருது!"

"வந்தா போடி! எனக்கு எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்ற?"

அவளாகவே போனாள். அவளாகவே வந்தாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டாள். ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போனதற்கு ஒரு பெரிய மனுஷி தெருவில் நின்று இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாளா என்று தெரியாது. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். "நெசமாவா?" என்றான்.

பொங்கலுக்கு முருகேசன் வந்தான். இந்த முறை அண்ணனே எல்லாவற்றையும் சொன்னான், காய்ச்சலில் ஆரம்பித்து. முருகேசன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். தர்சு அவனுக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தான். அவள் அவன் காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தபோது, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். கிளம்பும்போது என்னிடம், "வாரேன்" என்றான். பிறகு, "அந்தப் பேச்சியக்காவுக்கு ஒரு சேலை எடுத்தாறேன், அடுத்த தடவ," என்றான். எடுத்து வந்தான். நிறம்தான் பேச்சியக்காவுக்குப் பிடிக்கவில்லை. "மாமன் கண்ணு மங்கிருச்சு போல," என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, மறுநாளே கட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொரு வருஷமும் அவள் அங்கேதான் இருந்தாள். பால்வாடிதான் உசத்தி, வேன் பள்ளிக்கூடம் மட்டம் என்று சொல்ல இதை எழுதவில்லை மதினி. ஜோதியின் மகன் இங்கிலீஷில் பாட்டுப் பாடுகிறான், எழுத்தெல்லாம் கோடு பிசகாமல் எழுதுகிறான். தர்சுவுக்கு நிறம், எண், பாட்டு எல்லாம் தெரியும், எழுத்துதான் கொஞ்சம் கோணல். டீச்சர் இல்லாத நாட்களில் படிப்பு நடக்கவில்லை, அதை நான்தான் சாயங்காலம் வீட்டில் ஈடுகட்டினேன். உன் கணக்கு முழுசாகப் பொய் என்று எப்படிச் சொல்வேன்? அவள் எந்த வேனில் ஏறுவாள் என்பது இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆனால் படிப்பதற்கு முதலில் பிள்ளை பயமில்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அது நடந்தது. நீ வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தான் நடந்தது. இதை உன்னிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, ரொம்ப நாள். இப்போது இல்லை. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு, அப்புறம் பேச்சியக்காவிடம் போய் உட்கார்ந்து கதை கேட்டிருப்பாய்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். இனி எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், அது அரசாங்கம் நடத்துவதோ தனியார் நடத்துவதோ, உன் மகளின் முகம் சுருங்கினால் கண்டுபிடிக்கிற ஒரு ஆள் அங்கே இருக்கிறார்களா என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கட்டட அழகைப் பார்ப்பேன். அப்படி ஒரு ஆள் இல்லாவிட்டால், அந்த ஆளாக நான் போய் நிற்பேன்.

இந்த ஜூனில் அவளை அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். முருகேசனும் கூட வந்தான். பெயர் எழுதும்போது அம்மா பெயரையும் கேட்டார்கள். தர்சுவே சத்தமாகச் சொன்னாள்.

அந்தக் காய்ச்சல் அவளுக்கு அப்புறம் வரவே இல்லை.

உன் நாத்தனார்,
உன் மகளுக்கு அத்தை.